ரெண்டு சின்னப் பசங்களுக்கு சைக்கிள் ட்ரெய்லர், எது வாங்கலாம்? தண்டையார்பேட்டை பக்கம் ஓட்ட முடியுமா?

தண்டையார்பேட்டை_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு நாலு வயசு, பையனுக்கு ஒன்றரை. வீட்டுக்காரர் ஹார்பர் வேலைக்கு விடியறதுக்குள்ள ஸ்கூட்டர் எடுத்துட்டு கிளம்பிடுவாரு, அப்புறம் பொண்ணை ப்ளே ஸ்கூல்ல விடறது, பையனை புதுவண்ணாரப்பேட்டைல எங்க அம்மா வீட்டுல விடறது, சாயந்திரம் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரது எல்லாமே நான்தான். ஷேர் ஆட்டோல ஒண்ணை மடில வெச்சு இன்னொண்ணை கைல புடிச்சுக்கிட்டு, பையும் தண்ணி பாட்டிலும் தோள்ல தொங்க, அந்த நேரத்துல ஆட்டோல இடமும் கிடைக்காது.

என்கிட்ட ஒரு லேடீஸ் சைக்கிள் இருக்கு, கியர் இல்ல, பின்னாடி கேரியர், ஸ்டாண்டு எல்லாம் இருக்கு, நல்லா ஓட்டுவேன். நாத்தனார் ஜெர்மனில இருக்காங்க, அங்க அம்மாங்க எல்லாம் சைக்கிளுக்கு பின்னாடி ரெண்டு சக்கர கூண்டு மாதிரி ஒண்ணு மாட்டி அதுல பசங்களை உக்கார வெச்சு போறாங்களாம். அங்க சட்டத்துலயே 7 வயசு வரைக்கும் ரெண்டு குழந்தைங்களை அப்படி கூட்டிட்டு போகலாம், ஓட்டறவங்களுக்கு 16 வயசு ஆகியிருக்கணும்னு இருக்காம். அடுத்த தடவை வரும்போது செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கிட்டு வரேன், எது வேணும்னு சொல்லுன்னு கேக்கறாங்க. க்ரூசர், துலே, பர்லி இப்படி கம்பெனி பேரு சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியல.

என் சைக்கிள்ல மாட்டுமா? ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி வாங்கணுமா, இல்ல ஒத்த சீட்டு ட்ரெய்லர் வாங்கி பொண்ணை கேரியர்ல உக்கார வெச்சுக்கலாமா? முக்கியமா, நம்ம ரோட்டுல இது பாதுகாப்பா? ஓட்டி பார்த்தவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, நாத்தனார் டிக்கெட் போட்டுட்டாங்க.

ஆக்சில்நட்டு

அக்கா, அப்பாவுக்கு பழைய வண்ணாரப்பேட்டைல சைக்கிள் கடை, நான் வளர்ந்ததே அங்கதான். பிராண்டை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல உங்க சைக்கிள் பின் சக்கரத்து ஆக்சிலை குனிஞ்சு பாருங்க. இந்த ட்ரெய்லர் பெரும்பாலும் பின் ஆக்சில்ல இடது பக்கம், அதாவது செயின் இல்லாத பக்கம்தான் மாட்டும். நம்ம ஊர் கேரியர் வெச்ச சைக்கிள்ல அந்த பக்கம் மட்கார்டு கம்பி, கேரியர் கால், ஸ்டாண்டுன்னு எல்லாம் ஏற்கனவே அதே ஆக்சில்ல ஏறி உக்காந்திருக்கும், நட்டு போட்டது போக வெளிய கொஞ்சூண்டு மரைதான் தெரியும். அதுல ட்ரெய்லர் கொக்கி தகடையும் சேர்த்து சொருகினா நட்டு முழுசா ஏறாது. பாதி ஏறின நட்டை நம்பி குழந்தைங்களை இழுத்துட்டு போகவே கூடாது.

இதுக்கு வழி இருக்கு. கொஞ்சம் நீளமான ஆக்சில் மாத்திக்கலாம், எந்த கடைலயும் பண்ணுவாங்க. ஸ்டாண்டை ஆக்சில்லேந்து எடுத்துட்டு ஃபிரேம்ல கிளாம்ப் போட்டு மாட்டற ஸ்டாண்டா போட்டுக்கங்க, இல்லன்னா கொக்கியும் ஸ்டாண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும்.

இன்னொண்ணு, இதை நாத்தனார்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. கொக்கி ரெண்டு மாதிரி வருது. ஒண்ணு இருக்கற நட்டுக்கு அடில சொருகற தகடு. இன்னொண்ணு நட்டையே கழட்டிட்டு அந்த இடத்துல திருகற கப்ளிங், நட்டே கொக்கியா இருக்கும். அந்த ரெண்டாவது ஐட்டம் வேணாம், ஏன்னா அந்த கப்ளிங் மரை பல அளவுல வருது, நம்ம ஊர் சைக்கிள் பின் ஆக்சில் பெரும்பாலும் 3/8 இஞ்ச், ஒரு இஞ்சுக்கு 26 மரை. ரெண்டு மரையும் ஒத்துப் போகலன்னாலும் சில பேரு பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏத்திடுவாங்க, உள்ள மரை அழிஞ்சது வெளிய தெரியவே தெரியாது. தகடு மாடல்தான் கேளுங்க, அதோட ஓட்டை அளவையும் கேட்டு எழுதி வெச்சுக்கங்க.

செகண்ட் ஹேண்டுங்கறதால இழுக்கற கம்பில இருக்கற ரப்பர் மூட்டை நல்லா வளைச்சு பாக்க சொல்லுங்க, வெயில்ல வெடிச்சிருந்தா வேணாம். கொக்கிக்கு துணையா ஒரு பெல்ட் இருக்கும், சைக்கிள் ஃபிரேமை சுத்தி மாட்டறது, கொக்கி உடைஞ்சாலும் ட்ரெய்லர் தனியா ஓடிடாம அதுதான் புடிச்சுக்கும். அந்த பெல்ட் இல்லாம வாங்க வேணாம். பழைய மாடல் சிலதை கம்பெனியே கொக்கி கோளாறுன்னு திரும்ப எடுத்திருக்காங்க, மாடல் பேரும் தயாரிச்ச வருஷமும் போட்டு ஒரு தடவை தேடிட்டு காசு குடுக்க சொல்லுங்க.

சக்கரம் 20 இஞ்ச் இருந்தா நல்லது, பசங்க சைக்கிள் டயர் டியூப் சைஸ் இங்க எல்லா கடைலயும் இருக்கு, ஆனா டயர் மேல எழுதியிருக்கற நம்பரை சரிபார்த்துக்கங்க. வால்வு பெரும்பாலும் ஸ்கூட்டருக்கு காத்து அடிக்கற அதே வால்வுதான், பெட்ரோல் பங்க்லயே அடிக்கலாம், ஆனா டயர்ல போட்டிருக்கற அளவுக்கு மேல போகாதீங்க.

கடைசியா பிரேக். ட்ரெய்லருக்குன்னு ஓடும்போது புடிக்கற பிரேக் கிடையாது. ரெண்டு சீட்டு ட்ரெய்லர் வெறும் வண்டியே 10 கிலோவுக்கு மேல வரும், பசங்க சேர்ந்து 25 கிலோன்னு வெச்சாலும் உங்க சைக்கிள் பிரேக்தான் அத்தனையும் நிறுத்தணும். பிரேக் கட்டை புதுசா போட்டுட்டு ஆரம்பிங்க. பாரம் பெரும்பாலான ரெண்டு சீட்டு மாடல்ல 45 கிலோ வரைக்கும் தாங்கும், பையையும் சேர்த்துதான் அந்த கணக்கு.

புளியந்தோப்பு_ரைடர்

ட்ரெய்லரே வேணாம் சிஸ்டர், பேபி சீட் வாங்கி கேரியர்ல மாட்டிடுங்க, வேலை முடிஞ்சுது.

ஐசிஎஃப்_காலனி

ரைடர் சார், ஒரு குழந்தைன்னா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஐரோப்பா ஸ்டாண்டர்டு படி பின் சீட்டு 22 கிலோ வரைக்கும், முன்னாடி மாட்டறது 15 கிலோ வரைக்கும்தான். இவங்களுக்கு ரெண்டு பேரு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வெச்சா ஹேண்டில் கனத்துப் போய் நிக்கும்போதுதான் சாயும், ஒத்தக் கால்ல மொத்த எடையையும் தாங்கணும். அம்மா, நீங்க கேட்ட மாதிரி பொண்ணை வெறும் கேரியர்ல உக்கார வெக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம். கால் ஸ்போக்ஸ்ல மாட்டி குதிகால் கிழிஞ்ச குழந்தைங்களை எல்லா ஆஸ்பத்திரிலயும் பாக்கலாம்.

நான் ஐசிஎஃப் (ரயில் பெட்டி தொழிற்சாலை) பக்கம் இருக்கேன், எங்க அக்கா வெளிநாட்டுலேந்து குடுத்துட்டு போன ரெண்டு சீட்டு பர்லிலதான் என் பசங்க ரெண்டு பேரும் வளர்ந்தாங்க, அதனால ஓட்டி தெரிஞ்சுக்கிட்டதை சொல்றேன்.

முதல்ல அகலம். ரெண்டு சீட்டு ட்ரெய்லர் கிட்டத்தட்ட 80 செமீ இருக்கும், உங்க ஹேண்டில் பாரை விட அகலம். நீங்க பள்ளத்தை தாண்டி நெளிஞ்சு போயிடுவீங்க, ஆனா ட்ரெய்லர் சக்கரம் உங்க சக்கரம் போன கோட்டுல வராது, ரெண்டு பக்கமும் தள்ளி வரும், நீங்க தப்பிச்ச அதே பள்ளத்துல அது விழும். ஓட்டறதுல இதுதான் பெரிய விஷயம், மூணு கோடு ரோட்டுல ஒரே நேரத்துல பார்த்து ஓட்டணும், பழக கொஞ்ச நாள் ஆகும். திரும்பும்போது ட்ரெய்லர் உள்பக்கம் வெட்டிக்கிட்டு வரும், இடது பக்கம் திரும்பறப்ப பிளாட்பாரக் கல்லை ஒட்டி திரும்பினா உள் சக்கரம் அது மேல ஏறிடும்.

அப்படி ஏறினா கவிழலாம். இதுல ஒரு நல்லது ஒரு கெட்டது. கொக்கி எல்லா பக்கமும் வளையற மாதிரி இருக்கறதால சைக்கிள் விழுந்தாலும் ட்ரெய்லர் நேரா நிக்கும், பசங்க தரைக்கு பக்கத்துல பெல்ட்டோட உக்காந்திருக்காங்க, சீட்டுலேந்து விழற பயம் இல்ல. கெட்டது என்னன்னா ட்ரெய்லர் கவிழ்ந்தாலும் சைக்கிள் விழாது, பின்னாடி திரும்பி பாக்கற வரைக்கும் தெரியாம கூட போகலாம். அதனால ஹேண்டில்ல ஒரு கண்ணாடி கட்டாயம் மாட்டுங்க. வேகம், நேர் ரோட்டுல 25 கிமீ தாண்டக்கூடாது, திருப்பத்துலயும் மேடு பள்ளத்துலயும் நடக்கற மாதிரி போகணும்னு கம்பெனி புக்லயே போட்டிருக்கும். ஸ்பீட் பிரேக்கரை நேரா ஏத்துங்க, ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கணும். சாய்ச்சு ஏத்தினா உள்ள பசங்க தலை ரெண்டும் மோதிக்கும்.

சஸ்பென்ஷன் உள்ளதா இல்லாததான்னு கேட்டீங்கன்னா, நம்ம ரோட்டுக்கு சஸ்பென்ஷன் உள்ளதுதான், அதுக்காக கூட காசு குடுக்கலாம். துலே சாரியட்ல வரும், க்ரூசர்லயும் பல மாடல்ல வரும். இல்லாத மாடல் லேசா இருக்கும், விலை குறையும், ஆனா ஒன்றரை வயசு குழந்தைக்கு முதுகு கழுத்து எல்லாம் இன்னும் பிஞ்சு. ஒரு வயசு முடியாத குழந்தையை ஏத்தவே கூடாதுன்னு டாக்டருங்க சொல்றதும் அதுக்குத்தான். உங்க பையன் ஒன்றரைங்கறதால சரி, ஆனா ஹெல்மெட் போட்டுக்கிட்டு தலையை நேரா வெச்சு உக்கார முடியுதான்னு வீட்டுலயே உக்கார வெச்சு பாருங்க. சீட்டோட முதுகு பக்கம் தலைக்கு பின்னாடி ஹெல்மெட்டுக்கு இடம் விட்டிருக்கற மாடலா பாத்து வாங்குங்க, இல்லன்னா ஹெல்மெட் தலையை முன்னாடி தள்ளி குழந்தை தாடை நெஞ்சுல இடிச்சுக்கிட்டே வரும், தூங்கிட்டா இன்னும் கஷ்டம்.

பெல்ட் அஞ்சு இடத்துல புடிக்கறதா இருக்கணும், தோள் ரெண்டு இடுப்பு ரெண்டு நடுவுல ஒண்ணு. தூங்கற குழந்தை வழுக்காம இருக்கறது அந்த நடு பெல்ட்டாலதான்.

அடுத்தது நம்ம வெயில். முன்பக்கம் ரெண்டு மூடி வரும், ஒண்ணு வலை, ஒண்ணு மழைக்கான பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக்கை வெயில்ல மூடிட்டு ஓட்டினா உள்ள கொதிக்கும், ஜெர்மனி குளிருக்கு பண்ணது அது. வலை மட்டும் போடுங்க, வலை கல்லு தெறிக்கறதையும் தடுக்கும். ஆனா லாரி புகையையும் தூசியையும் எந்த வலையும் தடுக்காது, பசங்க உக்கார்ற உயரம் சைலென்சர் உயரம், அதனால சிக்னல்ல லாரி பின்னாடி போய் நிக்காதீங்க. காலைல எட்டரைக்குள்ள போய் சேர்ற மாதிரி பாத்துக்கங்க. மழை தண்ணி தேங்கின தெருவுல இறக்கவே கூடாது, எங்க மேன்ஹோல் திறந்திருக்குன்னு யாருக்கு தெரியும்.

கடலோரம் இருக்கறதால அலுமினிய ஃபிரேம் நல்லது. சக்கரத்தை கழட்டற பட்டன் பின்னு உப்புக் காத்துல புடிச்சுக்கும், அப்பப்போ துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. நாத்தனார் ஏர்லைன்ஸ்ல முன்னாடியே கேட்டுடணும், ரெண்டு சீட்டு ட்ரெய்லர் மடிச்சாலும் மூணு பக்கமும் கூட்டினா 158 செமீ தாண்டும், பெரிய பெட்டின்னு தனியா காசு கேப்பாங்க.

எங்க காலனி உள் ரோட்டுல மரமும் நிழலும் இருக்கு, வண்டி கம்மி, அதனாலதான் எங்களுக்கு இது இவ்வளவு நல்லா ஒத்து வந்துது. உங்க பக்கம் எந்த ரோட்டுல போறீங்கங்கறதை வெச்சுதான் வாங்கலாமா வேணாமான்னே சொல்ல முடியும்.

காலடிப்பேட்டை_பெரியவர்

தங்கச்சி, அந்த கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். நான் ஹார்பர் லைன்ல கண்டெய்னர் வண்டி ஓட்டினவன், இப்ப ரிடையர் ஆயி வூட்டுல கீறேன். டிரைவர் சீட்டுல குந்திக்கினு பாத்தா இன்னா தெரியும்னு யாரும் சொல்லல, அதான் எழுதறேன். கேபினுக்கு இடது பக்கம் கீழ ஒட்டி வர்ற சைக்கிளே தெரியாது மா. சைக்கிள் ஓட்டறவங்க தலை கண்ணாடில தெரிஞ்சாலும் அதுக்கு பின்னாடி முட்டி ஒசரத்துல ஒரு கூண்டு வருதுன்னு டிரைவருக்கு தோணவே தோணாது, சைக்கிள் போயிடுச்சுன்னு நெனச்சு இடது பக்கம் ஒடிச்சுடுவான். முன் சக்கரம் தாண்டிடும், பின்னாடி இழுக்குற பாடி உள்ள வெட்டிக்கினு வரும். அவன் கெட்டவன் இல்ல, ராத்திரி பூரா கேட்ல லைன்ல நின்னுட்டு தூக்கமில்லாம வரவன்.

அதனால எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல இத்த எடுத்துக்கினு போவாத. காலைல டி.எச். ரோடும் (திருவொற்றியூர் ஹை ரோடு) வேணாம். காசிமேடு பக்கம் விடியக்காலைல மீன் வண்டி, ஐஸ் தண்ணி, ரோடு பூரா வழுக்கும், அந்த பக்கமும் வேணாம். உள் தெருவுல போ. டி.எச். ரோட்டை தாண்டித்தான் ஆவணும்னா சிக்னல்ல எறங்கி தள்ளிக்கினு தாண்டு. கொடி ஒண்ணு வருமே கம்பில, ஆரஞ்சு கலர், அத்த எப்பவும் எடுக்காத, அது ஒண்ணுதான் டிரைவர் கண்ணுக்கு எட்டுற ஒசரம். எந்த பெரிய வண்டிக்கும் இடது பக்கம் போய் நிக்காத, முன்னாடி போவ முடியலன்னா பின்னாடியே நில்லு.

வியாசை_வெல்டர்

எதுக்கு ஜெர்மனிலேந்து வரணும்? மீன்பாடி வண்டி கட்டற பட்டறை நம்ம ஏரியால எவ்ளோ இருக்கு. அளவு குடுத்தா இரும்பு பைப்ல நாங்களே அடிச்சு குடுப்போம், பாதி விலை கூட ஆவாது. ஸ்கூட்டர்ல மாட்டற மாதிரியும் பண்ணலாம்.

ஆக்சில்நட்டு

அண்ணே, உங்க வெல்டிங்ல சந்தேகம் இல்ல, சாமான் ஏத்தற ட்ரெய்லர்னா நானே உங்ககிட்ட அனுப்புவேன். குழந்தைங்க உக்கார்றதுல பிரச்சினை அந்த மூட்டுதான், மேல கீழ, இடது வலது, அதோட சைக்கிள் ஒரு பக்கம் சாய்ஞ்சாலும் ட்ரெய்லர் சாயாத மாதிரி முறுக்கு, இது மூணும் அது வளைஞ்சு குடுக்கணும், வளைஞ்சுகிட்டே இருந்தாலும் வருஷக்கணக்கா உடையக்கூடாது. அதுக்குன்னு ஐரோப்பால தனி ஸ்டாண்டர்டே வெச்சு பாரம் ஏத்தி குலுக்கி பாத்துட்டுதான் விக்கறாங்க. கவிழ்ந்தா தலைக்கு மேல புடிக்கற கம்பியும் வேணும். இரும்புல அடிச்சா எடையும் ஏறும், கியர் இல்லாத சைக்கிள்ல அக்கா பேசின் பிரிட்ஜ் மாதிரி ஒரு ஏத்தம் வந்தா இறங்கித்தான் தள்ளணும்.

ஸ்கூட்டர்ல மாட்டறது மட்டும் யாரும் பண்ணாதீங்க. இது சைக்கிள் வேகத்துக்கு பண்ணது. ஸ்கூட்டர்ல போறதா இருந்தா அதுக்கு தனி ரூல் இருக்கு, 2023 பிப்ரவரி 15லேந்து ஒன்பது மாசத்துலேந்து நாலு வயசு வரைக்கும் குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டறவரோட சேர்த்து கட்டற பெல்ட்டும் வேணும், வேகம் 40க்குள்ள.

தண்டையார்பேட்டை_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, நீங்க எழுதினதை வீட்டுக்காரருக்கு படிச்சு காட்டினேன், அவர் தினமும் ஹார்பர் கேட்ல அந்த லாரிங்களைத்தான் பாக்கறாரு, ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அவரே பேப்பர் எடுத்து ரூட்டு போட்டாரு. கும்மாளம்மன் கோயில் தெரு பக்கமா உள்ளயே போய், டி.எச். ரோட்டை ஒரே ஒரு சிக்னல்ல தள்ளிட்டு தாண்டி, மறுபடி உள் தெரு. கொஞ்சம் சுத்துதான், பரவாயில்ல. மழை நாள்ல ஷேர் ஆட்டோதான்னு முடிவு பண்ணிட்டோம்.

சைக்கிளை குனிஞ்சு பாத்தேன் தம்பி, நீ சொன்ன மாதிரியே ஸ்டாண்டும் கேரியர் காலும் மட்கார்டு கம்பியும் அடுக்கி இருக்கு, மரை ஒண்ணு ஒண்ணரை சுத்துதான் வெளிய தெரியுது. நீளமான ஆக்சில் போட உங்க கடைக்கே கொண்டு வரலாமா? நாத்தனார்கிட்ட தகடு கொக்கி, பெல்ட், சஸ்பென்ஷன், ஹெல்மெட் இடம் நாலும் சொல்லிட்டேன், ஒரு க்ரூசர் பாத்து வெச்சிருக்காங்களாம், ரப்பர் மூட்டோட போட்டோ அனுப்ப சொல்லியிருக்கேன்.

ஒரு சந்தேகம், எங்க காம்பவுண்டு கேட்டு ஒத்தக் கதவு, 75 செமீதான் இருக்கு. உள்ள எப்படி கொண்டு போறது? பையனுக்கு ஹெல்மெட் சைஸ் எப்படி பாக்கறது?

ஐசிஎஃப்_காலனி

சக்கரம் ரெண்டையும் பட்டனை அமுக்கி கழட்டினா உடம்பு மட்டும் அகலம் குறையும், மடிச்சு நிமித்தி தூக்கிட்டு போயிடலாம், வீட்டுக்காரர் இல்லாதப்பவும் நீங்களே பண்ண முடியும். அதுக்கு முன்னாடி நாத்தனாரை டேப் வெச்சு சக்கரம் இல்லாம அளந்து சொல்ல சொல்லுங்க. ஹெல்மெட்டுக்கு தையல் டேப்பை புருவத்துக்கு மேல விரல் அகலம் விட்டு தலையை சுத்தி அளங்க, அந்த செமீ கணக்குலதான் சைஸ் வரும். நாத்தனாரையே ரெண்டு பேருக்கும் வாங்கிட்டு வர சொல்லுங்க, இவ்வளவு சின்ன சைஸ் இங்க தேடித்தான் புடிக்கணும்.

ஆக்சில்நட்டு

தாராளமா கொண்டு வாங்க அக்கா, மணிக்கூண்டுகிட்ட வந்துட்டு இங்க மெசேஜ் போடுங்க, வழி சொல்றேன். ட்ரெய்லர் வந்ததும் பசங்களை உடனே ஏத்தாதீங்க. 25 கிலோ அரிசி மூட்டையை உள்ள வெச்சு பெல்ட் போட்டு அதே ரூட்டுல, அதே நேரத்துல நீங்களும் அண்ணனும் போயிட்டு வாங்க, அவர் பின்னாடி ஸ்கூட்டர்ல வந்து சக்கரம் எங்கெல்லாம் பள்ளத்துல இறங்குதுன்னு பாத்து சொல்லட்டும். திரும்பி வந்ததும் கடைக்கு வாங்க, ஆக்சில் நட்டை இன்னொரு தடவை டைட் வெச்சு தரேன், புது ஆக்சில் முதல் ஓட்டத்துல கொஞ்சம் தளரும்.